வட்ட மெத்தை விஷயமாக மாப்பிள்ளைக்கு

பெருமதிப்பிற்குரிய மாப்பிள்ளை அவர்களுக்கு,

உங்கள் மாமியார் எழுதுவது. இங்கே என் முழங்காலைத் தவிர எல்லோரும் நலம். புதிய கிளை திறக்கப் போன ஊரில் நீங்களும் என் மகளும் வேளைக்குச் சாப்பிட்டு, போதிய அளவு தூங்கி, தலைவலி இல்லாமல் இருக்கிறீர்கள் என்று நம்புகிறேன். மரியாதைக்குக் கேட்க வேண்டியதைக் கேட்டாகிவிட்டது. இனி விஷயத்துக்கு வருகிறேன்.

நான் கம்பெனியில் செயற்கை நுண்ணறிவோடு சண்டை போட்டு, அதன் வயரைப் பிடுங்கி எறிந்துவிட்டேன் என்று உங்கள் அம்மா பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருப்பதாகக் கேள்விப்பட்டேன். சம்பந்தியம்மாவின் மேல் எனக்கு மிகுந்த மரியாதை உண்டு. ஆனால் அவர் சொல்வது தவறு. நான் எதையும் எறியவில்லை. வயர் ஆள் நடக்கிற வழியில் குறுக்கே கிடந்தது. அதைச் சுவர் ஓரமாக இழுத்துவிட வேண்டியிருந்தது, இழுத்துவிட வேண்டுமானால் முதலில் கழற்ற வேண்டும், கழற்றினேன், அந்த இயந்திரப் பெட்டிக்கு அடியில் இருந்த தூசியைத் துடைத்தேன், திரும்பவும் செருகினேன். சண்டையும் போடவில்லை. ஒரு கேள்வி கேட்டேன். அது பதில் சொன்னது. பதில் இலக்கணப்படி சரியாக இருந்ததால் பாராட்டினேன். பாராட்டும்போது என் குரல் சற்று உயர்ந்திருக்கலாம். கடைசி பெஞ்சுக்கும் கேட்கும்படி பேச வேண்டும் என்று கான்வென்ட் சிஸ்டர்கள் என்னைப் பழக்கியிருக்கிறார்கள். அதை இந்த வயதில் மாற்றிக்கொள்ள முடியாது.

இந்தக் கடிதத்தின் நோக்கம் ஒன்றே ஒன்று. நம் மேலாளரை வேலையைவிட்டு அனுப்ப வேண்டும் என்கிறீர்கள். அனுப்பக் கூடாது என்கிறேன் நான். நேற்று போனில் நீங்கள் இதைக் கேட்டபோது, கிளை வேலையில் களைத்துப் போயிருக்கிறீர்களே என்று உங்கள் மனம் நோகாதபடி ஏதோ சொல்லி வைத்தேன். முறையான பதில் இதுதான். உட்கார்ந்து படியுங்கள். நின்றுகொண்டு படித்தால் பாதியில் விட்டுவிடுவீர்கள்.

உங்கள் மாமா உயிரோடு இருந்த காலத்திலிருந்தே நம் மெத்தைக் கம்பெனி மேலாளருக்கு முதுகுக்குப் பின்னால் ‘பார்க்கலாம் சார்’ என்று பெயர். யாரையும் முடியாது என்று சொல்லித் திருப்பி அனுப்ப அந்த மனிதருக்கு நாக்கு வராது. சம்பள உயர்வு கேட்டாலும் பார்க்கலாம், ஜன்னலோரத்து மேசை கேட்டாலும் பார்க்கலாம், மழைக்காலத்தில் கம்பெனி வேனை வீடு மாற்றக் கேட்டாலும் பார்க்கலாம். கேட்டவர் முகம் வாடாமல் திரும்பிப் போவார். அந்தச் சொல்லின் அளவு கம்பெனியில் எல்லோருக்கும் தெரியும். ஒரு தடவை ‘பார்க்கலாம்’ என்றால் நடக்காது. ‘பார்க்கலாம், பார்க்கலாம்’ என்று இரண்டு தடவை சொன்னால், இனி அந்தப் பேச்சை எடுக்காதே. மோவாயைத் தடவிக்கொண்டு ‘பார்ப்போம்’ என்றால், கேட்டதே தப்பு. இத்தனை வருஷத்தில் இதில் யாருக்கும் எந்தக் குழப்பமும் வந்ததில்லை.

பிறகு நீங்கள் அந்த இயந்திரத்தை வாங்கிக் கூட்ட அறை மேசையில் வைத்தீர்கள். உள்ளங்கை அகலத்தில் ஒரு கறுப்புப் பெட்டி. மேசையைச் சுற்றி யார் என்ன பேசினாலும் கேட்டுக்கொள்ளும், எடுத்த முடிவுகளைத் தானே எழுதும், அந்தந்தப் பிரிவுக்குத் தானே உத்தரவு அனுப்பும், மனிதர் யாரும் நடுவில் வர வேண்டியதில்லை என்றீர்கள். தொழிலாளர்கள் அதற்குச் ‘சின்ன முதலாளி’ என்று பெயர் வைத்திருக்கிறார்கள். இதுவரை அந்தப் பெயர் உங்களுடையதாக இருந்தது என்பதை விசாரித்துத் தெரிந்துகொண்டேன். பெயர் கைமாறியதில் அவர்களுக்கு வருத்தம் இருப்பதாகத் தெரியவில்லை.

பெட்டிக்கு அறிவு இருக்கிறது, மறுக்கவில்லை. விவரம் போதாது. அதற்குத் தெரிந்தது தமிழ். நம் மேலாளர் பேசுவது வேறு.

நீங்கள் ஊருக்குப் போனதும், ‘அம்மா, நீ சும்மா போய் உட்கார்ந்தால் போதும்’ என்று என் மகள் சொன்னதால் நான் கம்பெனியில் போய் உட்கார்ந்தேன். எனக்குச் சும்மா உட்காரத் தெரியாது என்பது அவளுக்கும் தெரியும். எழுந்து ஒரு சுற்று வந்தேன். பொதி கட்டுகிற அறையில், நம்மிடம் உள்ளதிலேயே விலை உயர்ந்த மெத்தையின் நடுவில், செருப்பை ஒழுங்காகக் கீழே கழற்றி வைத்துவிட்டு ஒருவர் மல்லாந்து தூங்கிக்கொண்டிருந்தார். தட்டி எழுப்பினேன்.

“யாருப்பா நீ?”

“குவாலிட்டி செக்கிங்ம்மா.”

“கண்ணை மூடிட்டா செக் பண்ணுவாங்க?”

“தொறந்து வெச்சுட்டுப் படுத்தா தூக்கம் வருதா இல்லையான்னு எப்படிம்மா தெரியும்?”

வாதத்தில் தவறு இல்லாததால் மேலே விசாரித்தேன். அவர் வேன் டிரைவரின் மச்சான். ‘சார், என் மச்சான் வீட்ல சும்மாதான் இருக்கான், ஏதாவது போட்டுக் கொடுங்களேன்’ என்று டிரைவர் கூட்ட அறையில் கேட்டிருக்கிறார். மேலாளர் ‘பார்க்கலாம்ப்பா’ என்றிருக்கிறார். அன்று சாயங்காலமே மச்சானுக்கு நியமன உத்தரவு போய்விட்டது. அதைக் கண்டு அதிகம் அரண்டவர் டிரைவர்தான். “பொண்டாட்டி தொல்லை தாங்காம ஒரு பேச்சுக்குக் கேட்டேம்மா. சார் கொடுக்க மாட்டாருன்னு நம்பித்தான் கேட்டேன்” என்று என்னிடம் கிட்டத்தட்ட அழுதார்.

அதோடு நின்றிருந்தால் ஒரு மச்சானோடு போயிற்று என்று விட்டிருப்பேன். தையல் பிரிவுப் பெண்கள் வெள்ளிக்கிழமை அரை நாள் லீவு கேட்டு, மேலாளர் பார்க்கலாம் என்று சொல்லி, பெட்டி அதை அனுமதித்து, வெள்ளிக்கிழமை மதியம் தையல் பிரிவில் ஒரு விசிறி மட்டும் தன்பாட்டுக்குச் சுற்றிக்கொண்டிருந்தது. அந்த வெள்ளிக்கிழமை பார்த்துத்தான் விடுதிக்காரரின் சரக்கு போக வேண்டியிருந்தது. அந்த விடுதிக்காரர்தான் முந்தின வாரம் வந்து, ‘எல்லா ரூமுக்கும் மெத்தையை வட்டமா போட்டுத் தருவீங்களா, புதுசா கல்யாணம் ஆனவங்க விரும்புவாங்க’ என்று கேட்டவர். மேலாளர் அவர் முகத்தைப் பார்க்காமல் மேசையைப் பார்த்துக்கொண்டு ‘பார்க்கலாம், பார்க்கலாம்’ என்றார். விடுதிக்காரரும் நம்மைப் போல மனிதர்தானே, புரிந்துகொண்டு தலையை ஆட்டிவிட்டுப் போய்விட்டார். பெட்டிக்குத் தலையாட்டல் கேட்காது. பார்க்கலாம் இரண்டு தடவை கேட்டது. ஆகவே விடுதியின் எல்லா அறைக்கும் வட்ட மெத்தை, இரண்டு தடவை சொன்னதால் ‘மிக மிக அவசரம்’ என்று சிவப்பு எழுத்தில் வெட்டுப் பிரிவுக்கு உத்தரவு போயிற்று.

வெட்டுப் பிரிவுக்காரரைக் கூப்பிட்டுக் கேட்டேன். “கட்டில் எல்லாம் நீளமாச்சே, மெத்தை எதுக்கு வட்டமான்னு தோணவே இல்லையா?”

“தோணுச்சும்மா.”

“தோணினதை ஏன் கேக்கல?”

“சின்ன முதலாளி சொன்னா சரியாத்தானே இருக்கும்னு விட்டுட்டேன். முன்னெல்லாம் மேனேஜர் சொன்னா எதிர்த்துக் கேட்பேன். அவர் தப்பா சொல்வாருன்னு தெரியும்.”

இந்தக் கடைசி வாக்கியத்தை நீங்கள் இரண்டு முறை படிக்க வேண்டும்.

விடுதி இருக்கும் தெரு சரிவானது. தையல் பெண்கள் இருந்திருந்தால் இறக்கும்போது கூட நாலு கை இருந்திருக்கும். டிரைவரும் மச்சானும் மட்டும் போனார்கள். வட்ட மெத்தை வேனுக்குள் படுக்காது என்பதால் எல்லாவற்றையும் நிறுத்தி வைத்திருந்தார்கள். கதவைத் திறந்ததும் முதல் மெத்தை தானாக இறங்கிற்று. இறங்கியது நிற்கவில்லை. மச்சான் ஓடிப் பிடித்தார். பிடித்தவர் கையை விடவில்லை. அதனால் சற்றுத் தூரம் மெத்தைக்கு மேலேயும் சற்றுத் தூரம் கீழேயுமாகப் போனார். தரத்தைப் பரிசோதிக்க இதைவிட நல்ல வழி கிடையாது. மெத்தை அவரை ஒரு திருப்பத்தில் விட்டுவிட்டு, இரும்புக் கடையைத் தாண்டி, தையல் மிஷின் பழுதுபார்க்கிறவரின் ஸ்டூலைத் தட்டி, முடிதிருத்தகத்தின் வாசலில் கச்சிதமாகப் பொருந்தி நின்றது. உள்ளே ஒருவர் பாதி முகச்சவரத்தில் இருந்தாராம்.

“யாருங்க அது, கதவைச் சாத்தினது?” என்று உள்ளேயிருந்து குரல்.

“கதவில்லைங்க. மெத்தை” என்று வெளியேயிருந்து டிரைவர்.

“மெத்தையா? நாங்க ஆர்டர் பண்ணலையே!”

சரியாக அந்த நேரத்தில் நம் பெட்டி விடுதிக்காரருக்குச் செய்தி அனுப்பிற்று: ‘உங்கள் வட்ட மெத்தைகள் வெற்றிகரமாக வந்து சேர்ந்தன. எங்கள் சேவைக்கு எத்தனை நட்சத்திரம் தருவீர்கள்?’

மாப்பிள்ளை, அந்த முடிதிருத்தகத்துக்கு ஓடியது யார்? நீங்கள் இல்லை, ஊரில் இல்லை. நான் இல்லை, முழங்கால். பெட்டி இல்லை, அதற்குக் காலே இல்லை. மேலாளர் ஓடினார். மெத்தையை இழுத்து எடுத்தார். பாதி சவரத்தில் இருந்தவர் நுரையோடு வெளியே வந்து பேசிய பேச்சையெல்லாம் நின்று கேட்டார். ‘தப்பு என்னுதுங்க’ என்றார். அங்கிருந்து மேடேறி விடுதிக்காரரிடம் போய் அங்கேயும் அதையே சொன்னார். தப்பு அவருடையது மட்டும் இல்லை. ஆனாலும் யாராவது ஒருவர் முகத்தைக் காட்டிக்கொண்டு போய் நிற்க வேண்டுமல்லவா? அவர் போய் நின்றார். அதற்கு நீங்கள் கொடுக்கிற பரிசு, பெட்டியின் பதிவில் ‘மேலாளர் ஒப்புதல்: ஆம்’ என்று இருக்கிறது, ஆகவே ஆளை அனுப்புங்கள் என்பது. அவருடைய இளைய மகள் இன்னும் கல்லூரியில் படிக்கிறாள். இந்த வயதில் அவரை வேறு எந்தக் கம்பெனி எடுக்கும்? பார்க்கலாம் என்பார்கள்.

மறுநாள் எல்லோரையும் கூட்ட அறைக்கு வரச்சொன்னேன். சம்பந்தியம்மா சொல்கிற ‘சண்டை’ அன்றுதான் நடந்தது. பெட்டியைப் பார்த்து, “பார்க்கலாம்னா என்ன அர்த்தம்?” என்று கேட்டேன். அது பெண் குரலில், மிகப் பணிவாக, “‘லாம்’ என்ற ஈறு இசைவையோ அனுமதியையோ குறிக்கும். உட்காரலாம், போகலாம், எடுத்துக்கொள்ளலாம் என்பவை போல” என்றது. நான் யோசித்துப் பார்த்தேன். சரிதான். நம் கம்பெனியில் இலக்கணம் தெரிந்தது அதற்கு ஒன்றுக்குத்தான் என்று எல்லோர் முன்னாலும் சொன்னேன். அது உடனே நடந்ததற்கெல்லாம் வருந்துவதாகச் சொல்ல ஆரம்பித்தது. “வருத்தமெல்லாம் வேண்டாம், திருத்திக்கோ” என்றேன். சிஸ்டர் என்னிடம் சொன்னதும் அதுதான். நான் திருந்தினேன்.

பிறகு அது ஒரு சந்தேகம் கேட்டது. “அம்மா, தினமும் மாலையில் எல்லோரும் ‘போயிட்டு வரேன்’ என்று சொல்லிவிட்டுப் போகிறார்கள். யாரும் திரும்பி வருவதில்லை. அவர்களுடைய வேலை நேரம் என் கணக்கில் ஓடிக்கொண்டே இருக்கிறது. எப்போது வருவார்கள்?”

அறை முழுக்கச் சிரித்தது. நான் சிரிக்கவில்லை. நியாயமான கேள்வி. புதிதாகச் சேர்ந்த ஓர் ஆள் இப்படிக் கேட்டிருந்தால் பொறுமையாகச் சொல்லிக் கொடுத்திருப்போம். இதைப் புதிய ஆளாக நினைக்காமல், எல்லாம் தெரிந்த பெரிய மனிதராக நினைத்துவிட்டோம்.

நீங்கள் பயிற்சி வகுப்பிலிருந்து கொண்டுவந்து என்னிடம் விட்டுப் போன தலைமைப் பண்புப் புத்தகத்தையும் படித்து முடித்தேன். ஒற்றுப் பிழைகளைச் சிவப்பு மையில் திருத்தியிருக்கிறேன். பக்கம் சிவந்து போனது என் குற்றம் அல்ல. தொலைநோக்கு வேண்டும், நெகிழ்வு வேண்டும், புதுமையை வரவேற்கும் மனம் வேண்டும் என்று போட்டிருக்கிறது. வேண்டாம் என்றா சொல்கிறேன்? ஆனால் வாயைத் திறந்து தெளிவாகப் பேசு என்று ஒரு பக்கத்திலும் இல்லை. இத்தனை நாள் நாம் அரைகுறையாகச் சொன்னதை எதிரில் இருந்தவர்கள் முழுதாகப் புரிந்துகொண்டு நம்மைக் காப்பாற்றிக்கொண்டிருந்தார்கள். பெட்டி அப்படிக் காப்பாற்றாது, சொன்னதைச் செய்துவிடும். ஆகவே இனிமேல் சொல்கிறவருக்குத்தான் பொறுப்பு அதிகம். உத்தரவு பெட்டியிலிருந்து கிளம்பினாலும் அதன் அடியில் ஒரு மனிதரின் பெயர் இருக்க வேண்டும், அந்த மனிதர் அதைப் படித்திருக்க வேண்டும். அதைக் கையில் வாங்குகிறவர், ‘இது எதுக்கு வட்டமா இருக்கு?’ என்று கேட்டால் அவரை யாரும் முறைக்கக் கூடாது. கேட்காமல் விட்டால்தான் முறைக்க வேண்டும். முறைக்கிற வேலையை நானே பார்த்துக்கொள்கிறேன்.

மேலாளருக்குத் தினமும் காலையில் என் அறையில் பாடம் நடக்கிறது. முதல் நாள் பாடத்தை அப்படியே எழுதுகிறேன்.

“சொல்லுங்க. முடியாது.”

“முடியு...”

“முடியாது.”

“முடியுமான்னு...”

“சார்! ஒரே சொல். முடியாது.”

“கொஞ்சம் கஷ்டம்மா. நாளைக்கு வேணா பார்க்கலாம்.”

ஆனாலும் நான் விடவில்லை. கண்ணாடி முன்னால் நிற்க வைத்தேன். டிரைவரை வந்து இன்னொரு மச்சானுக்கு வேலை கேட்கச் சொன்னேன். மேலாளர் வியர்த்துப் போய், ‘இப்போதைக்கு இல்லப்பா’ என்ற வரை வந்திருக்கிறார். முன்னேற்றம்தான்.

பெட்டிக்கும் ஒரு விதி போட்டிருக்கிறேன். இனி யார் பார்க்கலாம் என்றாலும் அது உடனே, ‘ஆமாவா, இல்லையா?’ என்று திருப்பிக் கேட்கும். எல்லோரிடமும் கேட்கும், உங்களிடமும் கேட்கும். என்னிடம் மட்டும் கேட்க வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். அதற்குத் தேவை இல்லை. நான் ஆம் என்றால் ஆம், இல்லை என்றால் இல்லை. வழவழா பேச்சு என் வாயில் வந்ததில்லை. உங்களுக்கே தெரியும். பெண் பார்க்க நீங்கள் வந்தபோது மாப்பிள்ளை எப்படி இருக்கிறார் என்று கேட்டதற்கு, உங்கள் முகத்துக்கு நேரே, ‘மீசையை எடுத்தால் தேவலை’ என்று சொன்னவள் நான்.

ஆகவே மேலாளர் இருக்க வேண்டும். பெட்டியும் இருக்க வேண்டும். மச்சானை நான் வேனில் ஏற்றி இறக்குகிற வேலைக்கு மாற்றியிருக்கிறேன். உருளுகிறதைப் பிடிப்பதில் அவருக்கு நல்ல அனுபவம். வட்ட மெத்தைகளை ஒரு குழந்தைகள் காப்பகம் விளையாட்டு அறைக்கு வாங்கிக்கொண்டது. அதைப் பேசி முடித்ததும் மேலாளர்தான்.

என் மகளிடம் குளிர்ந்த தண்ணீர் குடிக்க வேண்டாம் என்று சொல்லுங்கள். சம்பந்தியம்மாவுக்கு என் வணக்கத்தையும், வயர் பற்றிய விளக்கத்தையும் தெரிவியுங்கள். நீங்கள் இருவரும் கைவைத்த காரியம் எல்லாம் துலங்கி, நிமிர்ந்த முதுகோடு நெடுநாள் வாழ என் ஆசிகள்.

இப்படிக்கு,
உங்கள் அன்பு மாமியார்

பின்குறிப்பு: கடிதத்தை மடித்து உறையில் போடுகிற நேரத்தில் மேலாளர் கதவைத் தட்டினார். கையில் இரண்டு காகிதம். இரண்டிலும் ஒரே வாசகம். அவரை வேலையிலிருந்து விடுவித்து, இரண்டு இயக்குநர்களின் ஒப்புதலோடு வந்த உத்தரவு. அடியில் உங்கள் பெயரும் என் பெயரும். ஒற்றுப் பிழை ஒன்றுகூட இல்லை.

பெட்டியைக் கேட்டேன். நேற்று மதியம் கூட்ட அறையில் உட்கார்ந்துதான் உங்களோடு போனில் பேசினேன். காது சரியாகக் கேட்காததால் ஒலிபெருக்கியில் போட்டிருந்தேன். நீங்கள், “அவரை அனுப்பிடலாமா அத்தை?” என்று கேட்டிருக்கிறீர்கள். நான் சொன்ன பதிலை அது என் குரலிலேயே எனக்குப் போட்டுக் காட்டிற்று.

“பார்க்கலாம் மாப்பிள்ளை, பார்க்கலாம்.”

இரண்டு தடவை சொல்லியிருக்கிறேன். ஆகவே இரண்டு பிரதி. என்னிடம் திருப்பிக் கேட்கக் கூடாது என்பதால் கேட்கவில்லையாம்.

நான் வாயைத் திறப்பதற்குள் மேலாளர் பேசினார். “அம்மா, இதுல கையெழுத்து போட்டு வாங்கிக்கச் சொல்லியிருக்கு.” காகிதத்தை இன்னொரு தடவை படித்தார். பிறகு நிமிர்ந்தார். “முடியாதும்மா.”

“என்ன சொன்னீங்க?”

“முடியாது. கையெழுத்தும் போட முடியாது, வீட்டுக்கும் போக முடியாது. மத்தியானம் விடுதிக்காரர் வர்றார். நான் இருக்கணும்.”

நாக்கு தடுமாறவே இல்லை. காகிதங்களை என் மேசையில் வைத்துவிட்டு வேலையைப் பார்க்கப் போய்விட்டார். எனக்கு எதிராகத்தான் சொன்னார் என்றாலும், பாடம் தேறிவிட்டது.

பெட்டி என்னிடமும் திருப்பிக் கேட்க வேண்டும் என்று விதியை மாற்றிவிட்டேன். அந்த உத்தரவை ரத்து செய்ய இரண்டு இயக்குநர்களும் சம்மதிக்க வேண்டுமாம். என் சம்மதத்தை முழு வாக்கியத்தில் கொடுத்துவிட்டேன். உங்களுடையதுதான் பாக்கி. அவர் இருக்கிறாரா, இல்லையா? போன் வேண்டாம். ‘லாம்’ என்று முடிகிற எந்தச் சொல்லும் வேண்டாம். கையெழுத்திட்டு, எழுத்தில் பதில் அனுப்புங்கள்.